'வி'யை அழுத்தினால் என்ன நடக்கும்?

விசைப்பலகையில் 'வி' எழுத்தை அழுத்தினால் என்ன நடக்கும்? எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவில் சாதாரண அம்புக்குறி வரும். எந்த ஆபத்தும் இல்லாத பட்டன். ஒரு வேலைநாளில் கணக்கில்லாமல் அழுத்துவோம். அவிட் மீடியா கம்போசரில் அதே 'வி', இடதுபக்கத் திரையில் இருக்கும் ஷாட்டை எடுத்து டைம்லைனுக்குள் செருகி, அதற்குப் பின்னால் இருக்கும் படம் முழுவதையும் தள்ளிவிடும். 'பி' இன்னும் சிக்கல். அவிட்டில் அது இருக்கிற ஷாட்டின் மேலேயே வேறொன்றைப் பதிக்கும். டாவின்சி ரிசால்விலும் புதிய ஃபைனல் கட்டிலும் அது ஷாட்டை இரண்டாக வெட்டும் பிளேடு. பிரீமியரில் ஷாட்டின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும் ரிப்பிள் கருவி.

சாலிகிராமத்தில் ஒரு சின்ன எடிட் சூட் வைத்திருக்கிறேன். மூவியோலா என்ற பழைய ஃபிலிம் எடிட்டிங் இயந்திரத்தில் தொழில் கற்ற எடிட்டர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போதே அவர் அவிட்டுக்கு வந்திருந்தார். பிறகு ஃபைனல் கட், பிரீமியர், இப்போது ரிசால்வ் என்று தொழில் போன வழியில் நானும் வந்திருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தயாரிப்பு அலுவலகத்திலிருந்து ஒரே பேச்சுதான் வரும். “எல்லாம் எடிட்டிங் சாஃப்ட்வேர்தானே மேடம், ஒரு வாரத்துல பழகிடாதா?”

பட்டன்கள் பழகிவிடும். அதோடு மாற்றம் முடிவதில்லை. மீதி வேலைக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை எந்த பட்ஜெட்டிலும் எழுதப்படுவதில்லை என்பதால், நம் ஊரில் அதை உதவி எடிட்டர்கள் தங்கள் தூக்கத்தைக் கொடுத்துக் கட்டுகிறார்கள்.

முதலில், எடிட் செய்யும் கணினியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். படப்பிடிப்பிலிருந்து வரும் ஃபுட்டேஜை நாங்கள் வெட்டுவதில்லை. அது ஹார்ட் டிஸ்கில் முழுசாக அப்படியே கிடக்கும். எடிட்டர் உருவாக்குவது ஒரு குறிப்பு: இந்த ஃபைலில் இந்த ஃப்ரேமிலிருந்து இந்த ஃப்ரேம் வரை காட்டு, அடுத்து அந்த ஃபைலுக்குப் போ, ஒலியை மட்டும் அரை நொடி முன்னால் தொடங்கு. மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை முழுவதும் இந்தக் குறிப்புகள்தான். ப்ராஜெக்ட் ஃபைல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதை எந்த வடிவில் எழுதுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி வைத்திருக்கிறது. ஒன்று எழுதியதை இன்னொன்று நேராகப் படிக்காது. வேர்டில் அடித்த கடிதத்தை வேறொரு மென்பொருளில் திறந்தாலும் எழுத்துகளாவது தெரியும். இங்கே அந்தச் சலுகைகூடக் கிடையாது.

இரண்டாவது விஷயம் கை. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். அழுகிறவரின் முகத்திலிருந்து எதிரில் நிற்பவரின் முகத்துக்குப் போகும் வெட்டு, இரண்டு ஃப்ரேம் முன்னால் வந்தால் ஒரு அர்த்தம், பின்னால் வந்தால் வேறு அர்த்தம். 'அபோகலிப்ஸ் நவ்' படத்தில் வேலை செய்த வால்டர் மர்ச், தன் முறையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஷாட்டை ஓடவிட்டு, வெட்ட வேண்டும் என்று தோன்றும் கணத்தில் நிறுத்துவார். எந்த ஃப்ரேம் என்று குறித்துக்கொண்டு, மறுபடி ஓடவிட்டு மறுபடி நிறுத்துவார். இரண்டு தடவையும் அதே ஃப்ரேமில் நின்றால்தான் அந்த வெட்டை நம்புவார். இருபத்து நாலில் ஒரு பங்கு நொடியைக் கை இரண்டு முறை சரியாகப் பிடிக்க வேண்டும் என்றால், 'எந்த பட்டன்' என்ற யோசனை மனசில் எழக்கூடாது. அந்த யோசனை வருகிற நொடியில் அந்த வெட்டு போய்விடும்.

நல்லவேளையாக எல்லா மென்பொருளுக்கும் பொதுவான நிலம் கொஞ்சம் இருக்கிறது. பின்னால் ஓட்ட 'ஜே', நிறுத்த 'கே', முன்னால் ஓட்ட 'எல்'. தொடக்கத்தைக் குறிக்க 'ஐ', முடிவைக் குறிக்க 'ஓ'. இந்த ஐந்தும் எங்கே போனாலும் மாறாது. என்னிடம் வேலை கற்க வருகிற பிள்ளைகளுக்கு மௌஸைத் தொடவிடாமல் முதலில் இந்த ஐந்தைத்தான் பழக்குவேன். பிரீமியரும் ரிசால்வும் “அவிட் மாதிரி பட்டன் அமைப்பு வேண்டுமா?” என்று கேட்டு மாற்றித் தரவும் செய்கின்றன. கையில் படமும் ரிலீஸ் தேதியும் இருந்தால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நிரந்தரமாக வேண்டாம் என்பேன். அடுத்த சூட்டில் உட்கார்ந்தால் அந்த அமைப்பு இருக்காது. பாடம் சொல்லித்தரும் வீடியோக்கள் எல்லாம் அசல் பட்டன்களில்தான் பேசும்.

பட்டன்களைவிட ஆழமான வித்தியாசம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மென்பொருளும் 'எடிட்டிங் என்றால் என்ன' என்று ஒரு கருத்து வைத்திருக்கிறது.

1989இல் அவிட் அறிமுகமானபோது, எடிட்டிங் செய்தவர்கள் ஃபிலிமிலும் வீடியோ டேப்பிலும் இருந்தார்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில்தான் அது பேசியது. இடதுபக்கம் மூலப்படம், வலதுபக்கம் நாம் கட்டிக்கொண்டிருக்கும் படம். ஃபுட்டேஜ் வைக்கும் இடத்துக்குப் பெயர் 'பின்'. அந்தக் காலத்தில் ஃபிலிம் துண்டுகளைத் தொங்கவிட்ட கூடையின் பெயர்தான். ஹார்ட் டிஸ்கில் ஃபைல் எங்கே இருக்கிறது என்று அவிட்காரர் பார்க்கவே மாட்டார். அது தன் ஃபோல்டருக்குள் யாருக்கும் புரியாத பெயர்களில் அடுக்கி வைத்துக்கொண்டு தானே கணக்குப் பார்த்துக்கொள்ளும். அந்தக் கண்டிப்பு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் தொல்லையாகத் தெரியும். ஆனால் ஒரு எடிட்டரும் மூன்று உதவியாளர்களும் ஒரே நேரத்தில் ஒரே படத்துக்குள் இருக்கும்போது, ஒருவர் திறந்த பின்னை மற்றவர் மாற்ற முடியாதபடி அது பூட்டிவைப்பதில் இருக்கும் நிம்மதியை அனுபவித்தவர்கள் அறிவார்கள். தமிழில் 1994இல் வந்த 'மகாநதி' படத்தில் கமல்ஹாசன் அவிட்டைக் கொண்டுவந்தது அன்று பெரிதாகப் பேசப்பட்டது.

பிரீமியர் அப்படியே எதிர். உன் ஃபைல் உன் இஷ்டம், எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள், நான் வழியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும். தனியாக வேலை செய்கிறவருக்கு இது பெரிய சுதந்திரம். அந்தப் பழக்கத்தோடு பத்து பேர் வேலை செய்யும் படத்துக்குள் வந்தால், யாரோ ஒருவர் ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றிய மறுநாள் காலை திரை முழுக்க சிவப்பு மயம். மீடியா ஆஃப்லைன்.

ரிசால்வில் வேறொரு பொறி. அங்கே ப்ராஜெக்ட் என்பது நீங்கள் தேடி எடுத்து நகல் செய்யும் ஃபைலாக இருப்பதில்லை. ஒரு தரவுத்தளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். ஃபுட்டேஜ் இருக்கும் ஹார்ட் டிஸ்கை முழுசாக நகல் எடுத்தாலும் எடிட் அதில் வராது. தனியாக ஏற்றுமதி செய்து எடுத்துவைக்க வேண்டும். பிரீமியரிலிருந்து வருகிற ஒவ்வொரு உதவியாளருக்கும் முதல் நாளே நான் சொல்வது இதைத்தான்.

இந்தக் கருத்து வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2011இல் உலகம் முழுக்க எடிட்டர்கள் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அதற்கு முந்தைய பத்தாண்டில் ஃபைனல் கட் ப்ரோ எங்கள் தொழிலை நிஜமாகவே மாற்றியிருந்தது. 1999இல் ஆப்பிள் அதை வெளியிட்டது. அதை உருவாக்கிய ராண்டி யுபிலோஸ்தான் அதற்கு முன்பு அடோபியில் முதல் பிரீமியரையும் உருவாக்கியவர். அவிட் பெட்டி வாங்க வசதி இல்லாதவர்கள் ஒரு மேக் கணினியை வைத்துக்கொண்டு சூட் திறந்தார்கள். சாலிகிராமம், வடபழனி தெருக்களில் வீட்டு மாடிகள் எடிட் சூட் ஆனது அந்தக் காலத்தில்தான். 2003இல் வந்த 'கோல்ட் மவுன்டன்' என்ற பெரிய ஹாலிவுட் படத்தை அதே வால்டர் மர்ச் ஃபைனல் கட்டில் தொகுத்து, ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். 'இதில் பெரிய படம் செய்ய முடியுமா' என்று கேட்பவர்கள் பிறகு குறைந்துபோனார்கள்.

2011 ஜூன் 21 அன்று ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தது. பழையது 32-பிட், கணினியில் எவ்வளவு மெமரி இருந்தாலும் 4 ஜி.பி.க்கு மேல் அதனால் தொட முடியாது. ஆகவே அடியிலிருந்து புதிதாக எழுதியாக வேண்டும் என்பது நியாயம்தான். விலையும் 299 டாலராகக் குறைந்தது. ஆனால் பழைய ஃபைனல் கட்டில் செய்த ப்ராஜெக்ட்டைப் புதிய ஃபைனல் கட் திறக்கவில்லை. பெயர் ஒன்று, நிறுவனம் ஒன்று, கதவு மட்டும் மூடியிருந்தது. பல கேமராக்களை ஒன்றாக வைத்து வெட்டும் மல்டிகேம் இல்லை. ஒலிக்குழுவுக்குத் தடங்களைப் பிரித்து அனுப்பும் வழி அதிலேயே இல்லை. எடிட்டை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் ஈ.டி.எல். இல்லை, எக்ஸ்.எம்.எல். இல்லை. பழைய தொகுப்பின் விற்பனையையும் அன்றே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் கோனன் ஓ'பிரையனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதன் எடிட்டர்கள் இதை வைத்து ஒரு கேலி வீடியோவே செய்தார்கள். அடோபியும் அவிட்டும் ஃபைனல் கட்காரர்களுக்குத் தள்ளுபடி அறிவித்து வாசலைத் திறந்து வைத்தன.

விடுபட்டவை படிப்படியாக வந்தன. அந்த செப்டம்பரில் எக்ஸ்.எம்.எல்., 2012 ஜனவரியில் மல்டிகேம். ஆனால் திரும்பி வராத ஒன்று இருந்தது: தடங்கள். பழைய முறையில் படம் ஒரு தடம், வசனம் ஒரு தடம், பாட்டு ஒரு தடம் என்று மேலும் கீழுமாகப் போகும். எக்ஸில் அவை கிடையாது. காந்தம் மாதிரி ஷாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒன்றை எடுத்தால் இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். வசனக் காட்சிக்கு இது உண்மையிலேயே அழகான யோசனை. ஒரு வசனத்தை எடுத்தால் அதோடு கட்டிய ஒலியும் கூடவே போய்விடும். எதுவும் அநாதையாகத் தொங்காது.

நமக்குப் பாட்டு இருக்கிறதே. பாட்டுக் காட்சியில் ஒலிதான் எஜமான். தாளம் நகரக்கூடாது, படம்தான் அதற்கு ஏற்ப நகர வேண்டும். படத்தை முதன்மையாக அடுக்கி வைத்திருக்கும்போது ஒரு ஷாட்டை எடுத்தால், பின்னால் வரும் அத்தனை ஷாட்டும் முன்னால் சரிந்து வந்து, சரணம் முழுக்க உதட்டசைவு கலைந்துவிடும். இதற்கு வழி உண்டு. பாட்டையே முதன்மை வரிசையில் வைத்துவிட்டு, படத்தை அதன்மேல் தொங்கவிட வேண்டும். சொன்னால் ஒரு வரிதான். ஆனால் 'படம் தரை, ஒலி அதன் மேல்' என்று பல வருஷம் பழகிய தலைக்குள் தரையையே மாற்றிப் போடுவது அவ்வளவு சுலபம் இல்லை. அன்று எக்ஸை வெறுத்த பலர் சோம்பேறிகள் அல்ல. அவர்களை 'மாற்றத்துக்குப் பயந்தவர்கள்' என்று எழுதியவர்கள் அவர்கள் என்ன இழந்தார்கள் என்று பார்க்கவில்லை.

“சாஃப்ட்வேரா முக்கியம்? எடிட்டர்தான் முக்கியம்” என்று மேடைகளில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். அதற்கு ஆதாரமாகப் பெரிய பெயர்களையும் சொல்வார்கள். அந்தப் பெயர்கள் எதிர்த் திசையில்தான் சாட்சி சொல்கின்றன என்பது என் எண்ணம். மார்ட்டின் ஸ்கோர்செசியின் எடிட்டர் தெல்மா ஷூன்மேக்கர் 1990களில் லைட்வொர்க்ஸ் மென்பொருளுக்கு வந்தார். சுற்றிலும் எல்லோரும் அவிட்டுக்குப் போன பிறகும் அவர் அங்கேயே இருந்தார். 'தி டிபார்ட்டட்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியதும் லைட்வொர்க்ஸில்தான். தென்கொரியாவின் 'பாரசைட்' 2019இல் வந்தது. அதன் எடிட்டர் யாங் ஜின்-மோ அதைத் தொகுத்தது ஃபைனல் கட் ப்ரோ 7இல். ஆப்பிள் 2011லேயே கைவிட்ட அதே பழைய 7. படம் எடிட்டிங்குக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. மென்பொருள் ஒரு பொருட்டே இல்லை என்றால், இவர்கள் இருவரும் ஊரோடு சேர்ந்து எப்போதோ மாறியிருப்பார்கள். அவர்கள் மாறாமல் இருந்ததற்குக் காரணம், கை பழகியது எதுவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததும், அதைக் காப்பாற்றிக்கொள்ளும் வசதியை அவர்களின் இயக்குநர்கள் கொடுத்ததும்தான்.

மாறியவர்களும் இருக்கிறார்கள். வால்டர் மர்ச் 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்தை ஃபிலிமில் வெட்டத் தொடங்கி, குடும்பத்தில் ஒரு மருத்துவ நெருக்கடி வந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்ய நடுவழியில் அவிட்டுக்கு மாறினார். கணினியில் தொகுக்கப்பட்டு எடிட்டிங் ஆஸ்கர் வாங்கிய முதல் படம் அது. ஒரு படத்தின் நடுவில் மாறலாம் என்பதற்கு இதை உதாரணம் காட்டுகிறவர்கள், தயாரிப்பாளர் அதற்கு ஒப்புக்கொண்டதையும், கூடவே ஓர் உதவிக்குழு இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம்மைப் போன்றவர்களுக்கு மாறாமல் இருக்கும் வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2013இல் அடோபி, பெட்டியில் விற்பதை நிறுத்தி மாதச் சந்தாவுக்குப் போனது. வேலை இருக்கிற மாதமும் இல்லாத மாதமும் சந்தா ஒன்றுதான். சின்ன சூட்டுக்கு அது கனமான செலவு. மறுபக்கம் ரிசால்வ். அது ஒரு காலத்தில் கலர் திருத்துவதற்கு மட்டுமே ஆன, லட்சக்கணக்கான டாலர் பெறும் இயந்திரம். 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அதை வாங்கி, இலவசப் பதிப்பு ஒன்றையும் வெளியிட்டது. பிறகு எடிட்டிங், 2017இல் ஃபேர்லைட் ஒலி, 2018இல் ஃப்யூஷன் கிராபிக்ஸ் என்று ஒவ்வொன்றாக உள்ளே சேர்த்தது. முழுப் பதிப்பை 295 டாலருக்கு ஒரே முறை வாங்கினால் போதும். டி.ஐ. என்று நாங்கள் சொல்லும் கலர் திருத்தம் நடக்கும் அதே மென்பொருளில் எடிட்டும் நடந்தால் நடுவில் எதுவும் தொலையாது என்று இயக்குநர்கள் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் முதல் படத்தை அங்கே தொடங்கும்போதும், பாதியில் நிற்கும் பழைய படத்தை அங்கே கொண்டுபோகும்போதும் கடக்க வேண்டிய பாலம் மிகக் குறுகலானது. பழைய பாலத்தின் பெயர் ஈ.டி.எல். வீடியோ டேப் இயந்திரங்களுக்காக எழுதப்பட்ட பட்டியல் அது. அதில் ஒரு படத்தடம் மட்டுமே போகும். பட்டியல் ஒன்றுக்கு 999 வெட்டுகள்தான் வரம்பு. இன்றும் டி.ஐ. கூடங்கள் சில அதைக் கேட்கின்றன. எக்ஸ்.எம்.எல்., ஏ.ஏ.எஃப். ஆகியவை பிற்காலத்தவை. இன்னும் நிறைய சுமக்கும். வெட்டுகள் போகும், சாதாரண டிஸ்ஸால்வ் போகும், ஒலி எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது போகும். ஒரு ஷாட்டுக்குள் வேகம் ஏறி இறங்குகிறதென்றால் அது சரியாகப் போகும் என்று நம்பக்கூடாது. வெளியாரின் ப்ளக்-இன் போட்ட எஃபெக்ட் போகாது. தலைப்பு எழுத்துகள் போகாது. 4கே-யில் எடுத்த ஷாட்டை உள்ளே இழுத்து முகத்தை நெருக்கமாகக் காட்டியிருந்தால், அந்த நெருக்கம் இரண்டு மென்பொருளில் இரண்டு அளவாகக் கணக்கிடப்படும். புதிய இடத்தில் நடிகரின் நெற்றி வெட்டுப்பட்டு நிற்கும். பிக்ஸார் தொடங்கிய ஓப்பன்டைம்லைன்ஐ.ஓ. என்ற பொதுவடிவம் இந்தப் பாலத்தை அகலப்படுத்தப் பார்க்கிறது. இப்போது அது அகாடமி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் பொறுப்பில் வளர்கிறது. எனக்கு அதன்மேல் நம்பிக்கை உண்டு. இருந்தாலும் இன்றைக்கு, பாலம் கடந்த ஒவ்வொரு ஷாட்டையும் ஒருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

அதை எப்படிப் பார்க்கிறோம் என்றால், பழைய மென்பொருளிலிருந்து படத்தை முழு வீடியோவாக எடுத்து, புதிய டைம்லைனில் எல்லாவற்றுக்கும் மேலே வைப்போம். 'டிஃபரன்ஸ்' என்ற கலவை முறையைப் போட்டால், மேலும் கீழும் ஒரே படமாக இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே ஏதோ நகர்ந்திருக்கிறது. ரீல் ரீலாக இப்படிப் போக வேண்டும். (ஃபிலிம் போய்விட்டாலும் நாங்கள் இன்னும் படத்தை இருபது நிமிஷத்துக்குள் அடங்கும் ரீல்களாகப் பிரித்துத்தான் வேலை செய்கிறோம். ஒலிக்கூடத்துக்கும் டி.ஐ.க்கும் முடிந்த ரீலை அனுப்பிக்கொண்டே இருக்கலாம்.) ஃப்ரேம்களை எண்ணும் டைம்கோடையும் கவனிக்க வேண்டும். அவிட்டும் ரிசால்வும் தாமாக ஒரு மணி என்ற இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும், பிரீமியர் பூஜ்யத்திலிருந்து. ரீ-ரெக்கார்டிங்குக்குப் போன வீடியோவில் ஒரு எண்ணும், மிக்ஸிங்குக்குப் போன தடத்தில் வேறொரு எண்ணும் இருந்தால், இரண்டு கூடங்களுக்கு நடுவே ஒரு நாள் முழுக்க ஃபோனில் போய்விடும்.

தமிழ் எழுத்துப் பிரச்சினையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் துன்பத்தை மென்பொருள் கையேடுகள் எதுவும் எழுதுவதில்லை. தலைப்பு அட்டைகளும் சப்டைட்டிலும் வெகுகாலம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்யப்பட்டன. அவற்றில் திரையில் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் நிறுத்தற்குறிகளாகவும்தான் பதிந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் நன்றி அட்டை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். சரி, யூனிகோடுக்கு மாறினோம் என்றால், எல்லா மென்பொருளுக்கும் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரிவதில்லை. 'கெ'வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'கொ' மூன்று துண்டாகும். புள்ளி தனி வட்டமாக மிதக்கும். பிரீமியரில் இதற்கென்றே தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அப்படி ஓர் அமைப்பு இருப்பதே தெரியாமல், ஒவ்வொரு பெயரையும் ஃபோட்டோஷாப்பில் படமாகச் செய்து ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெரிய நடிகரின் பெயர் தப்பாக வந்தால் உடனே திருத்துவார்கள். லைட்மேன் பெயரில் கொம்பு இடம் மாறி வந்தால் அது அப்படியே தியேட்டருக்குப் போய்விடும். புதிய மென்பொருளுக்கு மாறிய எந்தப் படத்திலும், கடைசி நன்றி அட்டை வரை யாராவது ஒருவர் உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் சட்டமாகவே வைத்திருக்கிறேன்.

மேலே சொன்னதெல்லாம் யார் செய்யும் வேலை? எடிட்டர் அல்ல. ஃபுட்டேஜை மாற்றி வைப்பது, ஒலியோடு இணைப்பது, ரீலைப் பொருத்திப் பார்ப்பது, ஆஃப்லைன் ஆன ஷாட்டைத் தேடிப் பிடிப்பது, எல்லாம் உதவியாளர்கள். மென்பொருள் மாறினால் எடிட்டருக்கு ஒரு வாரம் எரிச்சல். உதவியாளருக்கு இரவு முழுக்க வேலை. பகலில் எடிட்டர் பக்கத்தில் உட்கார வேண்டும். புதியதைக் கற்க ராத்திரிதான் மிச்சம். என்னிடம் வேலை செய்யும் தம்பி ஒருவன், மாறிய புதிதில் காலையில் வந்ததும், “அக்கா, மேட்ச் ஃப்ரேம் இதுல எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன்” என்று சந்தோஷமாகச் சொன்னான். எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். விடியற்காலையில் என்றான். அந்த நேரத்துக்கு யாரும் அவனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. நாளைக்கு அவன் வேறொரு சூட்டுக்கு வேலை கேட்டுப் போனால், “எந்த சாஃப்ட்வேர் தெரியும்?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும், கதை தெரியுமா, வெட்டத் தெரியுமா என்று அப்புறம்தான் கேட்பார்கள்.

பழைய படங்களின் பொறுப்பும் இருக்கிறது. ஒரு படம் வெளியாகிப் பல வருஷம் கழித்து, ஓ.டி.டி.க்கு வேறு நீளத்தில் வேண்டும், நீக்கிய காட்சியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டு வருவார்கள். ஃபைனல் கட் ப்ரோ 7, 2017இல் வந்த மேக் இயங்குதளத்திலிருந்து ஓடுவதே இல்லை. அதற்காகவே ஒரு பழைய ஐமேக்கைப் புதுப்பிக்காமல், இணையத்தில் இணைக்காமல் சூட்டின் மூலையில் வைத்திருக்கிறேன். இப்போது படம் லாக் ஆனதும் ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் எடுத்துவைப்பதில்லை. எக்ஸ்.எம்.எல்., ஈ.டி.எல்., டைம்கோட் பதித்த வீடியோ, வசனம் இசை எஃபெக்ட் எனத் தனித்தனியாகப் பிரித்த ஒலி, எழுத்து இல்லாத தலைப்பு ஷாட்டுகள், பயன்படுத்திய எழுத்துருக்கள், எல்லாவற்றையும் சேர்த்துத் தயாரிப்பாளரிடம் ஒப்படைக்கிறேன். எந்த மென்பொருள் போனாலும் இவற்றை வைத்துப் படத்தை மறுபடி கட்டிவிடலாம்.

அடுத்து நான் செய்யப்போகும் படத்தை ரிசால்வில் எடிட் செய்ய வேண்டும் என்று இயக்குநர் கேட்டார். சம்மதித்தேன். படப்பிடிப்புக்கு முன்னால் பழகும் நாட்களை அட்டவணையில் போட வேண்டும், அந்த நாட்களுக்கு உதவியாளர்களுக்கு முழுச் சம்பளம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டேன். தயாரிப்பு நிர்வாகி முதலில் முகம் சுளித்தார். “இதுக்கெல்லாமா மேடம் தனியா காசு?” என்றார். ஒலிக்கூடத்தில் ஒரு நாள் வீணானால் வாடகை எவ்வளவு ஆகும் என்று அவரையே கணக்குப் போடச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

போன வாரம் கேமரா டெஸ்டுக்கு எடுத்த ஒரு சின்னக் காட்சியை எடிட் செய்து, டி.ஐ.க்கும் ஒலிக்கும் அனுப்பித் திரும்ப வாங்கிப் பார்த்தோம். ஒலி ஒரு ஃப்ரேம்கூட நகராமல் வந்தது. உள்ளே இழுத்துப் பெரிதாக்கிய ஷாட்டுகளில் மட்டும் அளவு மாறியிருந்தது. எங்கே மாறுகிறது என்பதை அந்தத் தம்பியே கண்டுபிடித்தான். டைம்லைனின் அளவை டி.ஐ. கூடத்தின் அளவுக்கே வைத்துவிட்டோம். இந்தத் திங்கட்கிழமை முதல் ஷெட்யூல் ஃபுட்டேஜ் வருகிறது.